இரண்டு பேர் திறக்கும் கோப்பு

அன்புள்ள தங்கைக்கு,

நலம்தானே? ஃபோனை நீ எடுப்பதில்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

நம் விளையாட்டின் விதிப்புத்தகத்துக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆட நாம் ஆறு வருடமாக எழுதினோமே, அதுதான். முதலில் வேர்டில் செய்தேன். ஒரு படத்தைச் செருகினால் அரக்கர்களின் அட்டவணை மூன்று பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு அச்சகக்காரர் சொன்ன மென்பொருளில் போட்டேன். கடையில் வாங்கிய புத்தகம்போல அத்தனை அழகு. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணி திரையை எட்டிப் பார்த்தாள்.

"காயம் ஆத்துற அத்தியாயம் எங்க? அது அவ எழுதினதுதானே?"

"நீளமா இருந்துச்சு, அவளுக்குப் பிரதி அனுப்புறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

நான் எழுத்தின் அளவை மாற்றுவதில் மும்முரமானேன்.

"எட்டு மாசமா அவ ஏன் பேசலன்னு இப்பதான் புரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே வேறொரு மென்பொருளுக்கு மாறிவிட்டேன். இணையத்தில் ஓடுவது. எழுத்து வகைகள் குறைவு, பத்திகள் சில நேரம் கோணிக்கொள்ளும். ஆனால் ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திறந்து திருத்தலாம்.

உன் அத்தியாயத்தை ஒரு கால்புள்ளிகூட மாற்றாமல் சேர்த்திருக்கிறேன். இனி அதில் கைவைக்க மாட்டேன்.

கோப்பின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீ பேச வேண்டும் என்றில்லை. நீ உள்ளே வந்தால் திரையோரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். நான் பாட்டுக்கு என் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருப்பேன்.

உன்,
அண்ணன்