சாம்பிளைக் குடிக்காத ஒரே ஆள்

அப்பா,

நான் வீட்டிலேயே பியர் நொதிக்க வைத்த பக்கெட்டைப் பார்த்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் அதைத் தூக்கி எறியாமல், வெயில் படக்கூடாது என்று உங்கள் வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறீர்கள். ரொம்ப நன்றி.

நான் காலேஜ் போகிறேன். மத்தியானம் ஒரு உதவி. பக்கெட் குழாயைத் திறந்து, கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டுச் சுழற்றுங்கள். ஒட்டிய குமிழி உதிரும். பிறகு குனிந்து, கண்ணுக்கு நேராக அளவைப் பாருங்கள். நேற்று 1.012. இன்றும் அதுவே என்றால் பாட்டிலில் அடைக்கலாம். குறைந்திருந்தால் இன்னும் நொதிக்கிறது. அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

என் நண்பர்களிடம் கொடுத்தால் அளப்பதற்குள் சாம்பிள் காலி. இந்த வேலைக்கு டெக்சாஸிலேயே தகுதியானவர் நீங்கள்தான்.

பத்ரி

பி.கு: ரசம் ஃப்ரிட்ஜில். அதை அளக்க வேண்டாம்.

இன்னொன்று: அளவை எழுதி வைக்காதீர்கள், மெசேஜும் வேண்டாம். சாயங்காலம் நான் வந்ததும் வாயால் சொல்லுங்கள்.