உனக்குக் கேட்ட விசில்

இன்று காலை வன்னியம்பட்டியைத் தாண்டும்போது நம் பழைய காருக்குள் புகை வாடை ஏறியது. பின்னால் கரும்புகை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. உன்னிடம் கேட்கலாமென்று பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினேன். நீ போய் வருடம் திரும்பப் போகிறது; என் கழுத்துக்குத்தான் இன்னும் பழக்கம் போகவில்லை.

முதல் தடவை இப்படி ஆனபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் "டர்போ போச்சு சார், மாத்தணும்" என்று முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். நீ விட்டால்தானே! "செத்த நேரம் பொறுங்க. நீங்க மிதிங்க, நான் கேக்கேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தாய். "டர்போ நல்லாத்தான் இருக்கு. காத்துதான் எங்கயோ ஒழுகுது. கேஸ்கட் போன குக்கர் இப்படித்தான் சீறும்." டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்கு அடியில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அன்றிலிருந்து மெக்கானிக்குக்கு நீ அக்கா.

ராஜபாளையம் மில்லில் மெஷின்களுக்கு நடுவே நின்று நின்று, மெல்லிய சத்தமெல்லாம் என் காதுக்குக் கேட்காமல் எப்போதோ போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நாம் வரும்போதெல்லாம் மடவார் வளாகத்துக் கோயில் மதிலை ஒட்டி ஓட்டச் சொல்வாய். இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி, காற்று ஒழுகும் விசில் வருகிறதா என்று மதிலில் பட்டுத் திரும்பும் சத்தத்தைக் கேட்பாய். "மிதிங்க... விடுங்க... விசில் இல்ல, போலாம்." பெரிய டாக்டரம்மா தோரணைதான்.

மெல்ல ஓட்டி அதே மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்தேன். இன்றும் அதே ஹோஸ்தான், வேறு இடத்தில் கிழிசல். "ரொம்ப நாளா விசில் அடிச்சிருக்குமே சார், கேக்கலையா?" என்றார் மெக்கானிக். சொன்ன பிறகுதான் அவருக்கு உன் நினைவு வந்திருக்க வேண்டும். ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

மகள் பிடிவாதமாக இருக்கிறாள். "வித்துருங்கப்பா. கோளாறு வந்தாக்கூட ஒங்களுக்குத் தெரியாது. ஒத்தையில நடுரோட்டுல நின்னா என்ன செய்வீக?" அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் வீட்டில் நீ இல்லை என்பது அறைக்கு அறை தெரிகிறது. இந்த வண்டியில் ஏறினால்தான் செத்த நேரமாவது நீ பக்கத்தில் இருக்கிறாய். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

புது ஹோஸ் மாட்டி, தானே ஓட்டிப் பார்த்து, "சரியாயிருச்சு சார்" என்றார் மெக்கானிக். ஆனாலும் திரும்பும்போது மதிலை ஒட்டியே ஓட்டினேன். இடப்பக்கக் கண்ணாடியை இறக்கினேன். மிதித்தேன், விட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை.