மலைக்கு அந்தப் பக்கம் வெயில்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மாவும் நலம். இரண்டாவதை இன்னொரு தடவை படித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

செவ்வாய்க்கிழமை போனில் "அம்மா போன பஸ்ஸைப் பத்தித் தகவல் இல்ல" என்று நான் சொன்னதும் லைன் அறுந்தது. மாலைவரை உன்னைத் தவிக்கவிட்டேன். நடந்தது இதுதான். விடைத்தாள் திருத்த அம்மா காலை ஆறரை மணிப் பேருந்தில் மலை தாண்டிப் போனாள். எட்டு மணிக்கு இங்கே பிடித்த மழை விடவில்லை, மலைப்பாதையில் மண் சரிந்தது, அவள் போன் அணைந்திருந்தது, பிறகு நம் ஊர் செல்போன் கோபுரமும் செத்தது. திருத்தும் அறைக்குள் போனை விடமாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. போன வருஷம் மூன்று நாள் கொட்டி இரண்டு பக்கமும் மிதந்ததே, அதே மழை என்று முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் "மலையின் இருபுறமும் கனமழை" என்று பத்திரிகைக்குச் செய்தியே எழுதிவிட்டேன். பேருந்து நிலையத்து நேரக்காப்பாளர் "அந்த டிரைவர் ஆட்டுக்குட்டிக்கே வழி விடுறவன் சார், உக்காருங்க" என்றார். உட்கார முடியவில்லை.

நாலு மணிக்குக் கோபுரம் உயிர்பெற்றதும் அம்மாவே கூப்பிட்டாள். "ஏன் இப்படிக் கத்துறீங்க? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது, ஒரு பொட்டுத் தண்ணி இல்ல" என்றாள். உடனே உனக்குச் சொல்லிவிட்டு வானிலை அலுவலரைப் பிடித்தேன். சிரித்தார். காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால்தான் மழையாம், ஏற்றிவிடுவது யார் என்பதில்தான் வித்தியாசமாம். கோடை மாலையில் சுட்ட தரை ஏற்றிவிடும், இடியோடு ஒரு மணி நேரம் அடித்து ஓயும். போன வருஷம் தாழ்வழுத்தம். நாலா பக்கத்துக் காற்றும் கூடி நெருக்கி ஏறியதால் ஊர் ஊராக நனைந்தது. செவ்வாயன்று ஏற்றியது மலை. "கடல் காத்து மலையில முட்டி ஏறி, இருந்ததையெல்லாம் உங்க பக்கமே கொட்டிட்டு, அந்தப் பக்கம் கையை வீசிக்கிட்டு இறங்கிருச்சு" என்றார். 'இருபுறமும்' என்பதை அடித்துவிட்டு 'நம் பக்கச் சரிவில்' என்று திருத்திக் கொடுத்தேன்.

உன் இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. பாதையை வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள், முதல் பேருந்தில் அம்மா வருகிறாள். நிலையத்துக்கு நீங்கள் எதற்கு, எனக்கு வழி தெரியாதா என்கிறாள். பெட்டி தூக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு கைப்பையோடுதான் போனாள்.

இருவரும் நீடூழி வாழ்க.

உன் அப்பா