பழைய காசு செல்லும் வரை

ஜனவரி 9

அன்புள்ள கோபக்காரிக்கு,

அக்கா வீட்டில் நலமாக இருக்கிறாயா? ரயிலேறும்போது என் கையிலிருந்த காசைப் பிடுங்கிக்கொண்டு, "இந்தக் காசு செல்லாமப் போற அன்னிக்குத்தான் திரும்பி வருவேன்" என்றாயே, அது அரசாங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. இனி எல்லாம் பத்து, நூறு என்ற கணக்கில் புதுக்காசு. ஜூன் முடிந்தால் பழசு செல்லாது. நம் வீட்டுச் சண்டைக்கு மந்திரிசபையே கூடியிருக்கிறது!

எனக்கு வேலையில் பெண்டு நிமிர்கிறது. ஊர் ஊராகப் போய், ஸ்டேஷன் எடை மிஷின்களில் புதுக்காசு மட்டும் நுழைகிற தகட்டைப் பொருத்த வேண்டும். தெருவில் எல்லோரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரிப் போகிறார்கள்.

உன்,
மெக்கானிக்

பிப்ரவரி 2

அன்புள்ள நாளைக்காரருக்கு,

சிரிப்பு வந்தது, கோபம் போகவில்லை. காய்ச்சலில் அனலாய்க் கிடந்தவளிடம் "நாளைக்கு டாக்டரைக் கூப்பிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் பக்கத்து வீட்டு நர்ஸ்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது இன்னும் வலிக்கிறது.

காசு பத்திரமாக இருக்கிறது. இங்கே கடைகளில் எல்லோரும் பழசை இன்னும் வாங்குகிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கோபக்காரி

ஜூலை 3

அன்புள்ள கோபக்காரிக்கு,

பழசு செல்லாமல் போய்விட்டது. நீ வரவில்லை. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன், பார்க்கத்தான் ஆளில்லை.

மத்தியானம் கண்ணயர்ந்தேன். வானம் முழுக்கக் காசு போடும் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் எடைச் சீட்டு உதிர்கிறது. எல்லாவற்றிலும் உன் எடை, நீ மட்டும் எங்கேயும் இல்லை. எழுந்ததும் அழுதுவிட்டேன்.

உன்,
மெக்கானிக்

ஜூலை 11

அன்புள்ளவருக்கு,

பால்காரர் உங்கள் காசை வாங்க மறுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரர், "இத வெச்சுக் கேரம் ஆடும்மா" என்றார். சரி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

வண்டிக்கு நேரமிருந்தது. அக்காவிடம் வாங்கிய வேறொரு பழைய காசை எடை மிஷினில் சும்மா போட்டேன். விளக்குகள் எரிந்தன, சக்கரம் சுற்றியது, சீட்டு விழுந்தது! இந்த ஊரில் பழைய காசு இன்னும் செல்கிறது. பெட்டியோடு திரும்பிவிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டதற்கு, "மெக்கானிக் ரெண்டு தடவை வந்தாரும்மா. மிஷினையே பாத்துக்கிட்டு நின்னார். நாளைக்கு வரேன்னு போயிட்டார்" என்கிறார்.

தகடு போட்ட பிறகும் நான் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தானே? எனக்கும் பயம் இருக்கிறது, மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று. சனிக்கிழமை காலை வண்டி நேரத்துக்கு மிஷின் அருகே நிற்பேன். திருப்புளியோடு வாருங்கள். அன்றைக்கும் அந்தத் துளை திறந்திருந்தால் உங்கள் காசை அதிலேயே போட்டுவிடுவேன். அப்புறம் கடிதம் எழுத வேண்டாம்.

சீட்டைப் பார்த்தேன். இளைத்திருக்கிறேன்.

கோபக்காரி

வெள்ளிக்கிழமை
உன் அக்கா ஊர் ஸ்டேஷன்

அன்புள்ள கோபக்காரிக்கு,

போர்ட்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தகடு போட்டாயிற்று. உன் காசு இனி எங்கேயும் செல்லாது.

நாளைக்குத்தான் வரச் சொன்னாய், தெரியும். மிஷின் பக்கத்து பெஞ்சில்தான் இருக்கிறேன். நீ மெதுவாகவே வா.