கணப்பறைக்கு மேலே நிற்கும் தொட்டி

அன்பு மகன் ராபினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருப்பார் என்று நம்புகிறேன், அவர் தயவில் இங்கே அப்பாவும் தங்கை ஜெனியும் நானும் சுகம். போனில் கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு. பத்து நாளாக மழை விடவில்லை, மேல்மலையில் பூண்டிப் பக்கம் வெள்ளைப்பூண்டு மண்ணிலேயே அழுகுகிறதாம். ஜெனிக்கு அரையாண்டுத் தேர்வு, குளிருக்குக் கணப்பு நெருப்பை ஒட்டியே உட்கார்ந்து படிக்கிறாள்.

உன் ஸ்வீட்லிப்ஸ் மீனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ கனடா போனபோது உள்ளங்கைக்குள் அடங்கும், பழுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டோடு ஆடி ஆடி நீந்தும். மூன்று வருடத்தில் என் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது, பொட்டெல்லாம் போய் உடம்பு வெளுத்துக் கரும்புள்ளி வந்துவிட்டது. நாலடித் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் மோதுகிறது, மோதும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டுகிறது. கடல் மீனுக்கு நம் ஊர்க் குளிர் ஆகாது, கணப்பின் சூடு பலகை வழியே ஏறட்டும் என்று நீயும் அப்பாவும் கணப்பறைக்கு நேர் மேலே மாடி மரத்தளத்தில் தொட்டியை வைத்தீர்கள், அன்று எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. கீழே சூடு, மேலே உப்பு, நடுவில் பலகை என்ன ஆகும் என்று மூவருமே யோசிக்கவில்லை. போன வாரம் ஆசாரி திருமலைச்சாமி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார், கைப்பிடி வரை இறங்கியது. "அக்கா, பலகை ரஸ்க்கு மாதிரி கெடக்கு, வெரசா தொட்டிய எறக்குங்க" என்றார். விழுந்தால் ஆக்ஸிலியா புளியைக் கரைத்துக் குழம்பு வைத்துவிடுவாள் என்று அப்பா என்னைக் காட்டிச் சிரித்து, டீ கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்.

அதோடு விடவில்லை, மதுரையில் ஆறடித் தொட்டி சொல்லி வைத்திருக்கிறார், சனிக்கிழமை வருகிறது, அதே இடத்தில்தான் வைக்கப் போகிறார். மீனை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். "கிறிஸ்துமஸுக்கு அவன் வர்றப்ப அது உசுரோட இருக்கணும்" என்றார். நீ வரப்போவதில்லை, அங்கேயே தங்கிவிடப் போகிறாய் என்பதை என்னிடம் மட்டும் சொல்லி, அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். நாலு மாதமாகப் பக்குவம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நான் சொன்னால் மீனை அனுப்பக் கட்டிய கதை என்பார். நேற்று ஜெனியின் கணக்கு நோட்டில் மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது, கூரை ஒழுகுகிறது என்று துடைத்துவிட்டுப் படித்தாள். நான் அதைத் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. அவளைச் சமையலறைக்கு அனுப்பிக் கணப்பை அணைத்தேன். மீனுக்குக் குளிரும் என்று அப்பா மறுபடி பற்ற வைத்தார், வெளிச்சத்தைப் பார்த்து அவளும் நோட்டோடு திரும்பி வந்துவிட்டாள்.

தேவன் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், பனியில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு ராபின், என்னை அல்ல, அப்பாவை.

உன் அம்மா,
ஆக்ஸிலியா