குங்குமம் காட்டிய தேய்மானம்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் மெஷினைச் சூடேற ஓட்டிவிட்டார். எண்ணெய் கருகும் மணம் வேலி தாண்டி வந்தது. மெல்போர்னை அடுத்த இந்த வெரிபீயில் சனிக்கிழமை என்றால் இது வழக்கம்தான். ஆனால் இன்று அந்த மணத்தோடு உன் ஞாபகம் வந்து தொலைத்தது, கூடவே எரிச்சலும். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எழுபதுகளின் நடுவில், மெல்போர்னின் மேற்கே இருந்த அந்தத் துப்பாக்கிச் சோதனைக் கூடத்தில் தமிழர் நாம் இருவர்தான். நான் யாழ்ப்பாணம், நீ கோயம்புத்தூர். இருவருக்கும் தற்காலிக வேலை. ஆண்டு முடிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வேலை உறுதியாகாமல் மனைவியைக் கூப்பிடுவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். உன் மனைவியோ உன்னோடே வந்து, தினமும் உனக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். பாதியை நீ எனக்குத் தருவாய். தின்றுகொண்டே பொறாமைப்படுவேன்.

நம் வேலை உனக்கு மறந்திருக்காது. துப்பாக்கியின் மேல்பாதி மட்டும் நம்மிடம் வரும், அதைக் கூடத்தில் இருந்த கீழ்ப்பாதியில் மாட்டிச் சுடுவோம். குழல், அதன்மேல் ஒரு சின்ன பிஸ்டன், பிஸ்டன் அடித்ததும் பின்னால், கீழ்ப்பாதியின் குழாய்க்குள் ஓடுகிற இரும்புக் கட்டை. வெடித்த புகை பிஸ்டனோடு நின்றுவிடுவதால் உள்ளே கரி படியாது. எண்ணெய் கருகி, குழல் தொட முடியாமல் கொதிக்கும்வரை சுட்டு, ஆறவிட்டு, மறுபடியும் சுட்டு, இது எத்தனை காலம் தாங்கும் என்று நாம் சொல்ல வேண்டும்.

நான் கழற்றிப் பார்த்தபோதெல்லாம் உள்ளே பளிச்சென்றிருந்தது. கட்டையை அளந்தேன், தேய்வே இல்லை. நன்றாகத் தாங்கும் என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். நீ எட்டிப் பார்த்து, "சுத்தமா இருக்குன்னா தேயலைன்னு அர்த்தமாடா?" என்றாய். என்னைச் சீண்டுகிறாய் என்று நினைத்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அன்று காலை நான் வருவதற்குள் நீ வைஸ், ரம்பம், அரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாய். போதாததற்கு அந்த இரும்புக் கட்டையின் வால் பக்கத்திலும் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைச் சுற்றிவரப் பூசியிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோதனைப் பொருளில் இப்படிச் செய்யலாமா, இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கத்தினேன். துடைப்பதற்குள் மேலதிகாரி வந்துவிட்டார். சுட வேண்டியதாயிற்று.

கழற்றினால், மேலே பூசிய சிவப்பு அப்படியே இருந்தது. கீழே மட்டும் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. கட்டை ஓடுகிற குழாயின் கீழ் உதட்டில் அந்தச் சிவப்பு அப்பியிருந்தது. நீ விரலால் தடவினாய். அந்த இடம் பள்ளமாகியிருந்தது.

"பிஸ்டன் மேல அடிக்குது, வால் கீழ குத்துது. கட்டை தேயலடா, குழாய் தேயுது."

மேலதிகாரி அந்தச் சிவப்பு என்னவென்று கேட்டார். இந்தியாவில் உராய்வு பார்க்கப் பயன்படுத்தும் கலவை என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். அவர் நம்பி, ஒரு டப்பா கேட்டார். அதே வேலைக்கான நீலச் சாயம் என் மேசைமேலேயே இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. உனக்கும்தான் தோன்றவில்லை, பூஜை போட்டதில் தானாக வந்து விழுந்தது என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தேய்வைக் குழாயில் தேட வேண்டும் என்பது உனக்குத்தானே தெரிந்தது.

வேலை உனக்குப் போயிற்று. எனக்குப் பம்பு தொழிற்சாலையில் ஒன்று கிடைத்தது, மனைவியும் வந்து சேர்ந்தாள். அந்த வேலையும் நீ ஆள் பிடித்துச் சொல்லி வாங்கித் தந்ததுதான். அதுதான் இன்னும் எரிந்தது. அங்கே பம்பு எவ்வளவு பளிச்சென்று வந்தாலும் அது உரசுகிற எதிர்ப்பக்கத்தைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உன் புத்தியை வைத்துத்தான் பிழைத்தேன்.

போன மாதம், நீ பிற்பாடு குடிபோன சிட்னியில் உன் இறுதிச் சடங்கு. அங்கே நீ போய்வந்த மேய்ஸ் ஹில் கோயில்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நிற்க இடமில்லை. எனக்கு இவ்வளவு கூட்டம் வருமா என்று அங்கேயும் மனம் கணக்குப் போட்டது. உன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணா, நீங்கதான் பேசணும். அவர் சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றாள்.

பேசினேன். குங்குமக் கதையைத்தான் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு இன்னும் அழுதார்கள். நன்றாகவே பேசினேன் என்றார்கள்.

வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. எனக்கும் இப்படி ஒருவன் எழுந்து நின்று பேச வேண்டும் என்று நான் நம்பியிருந்தது உன்னைத்தான். அதிலும் முந்திக்கொண்டாயே, பாவி.