மரச்சாறு தெளித்த முப்பதடி

1968 ஜூலை 9

பீடி ஏஜெண்டு கொடுத்த டைரி. காராச்சேவு மடித்துக் கொடுக்கப் பாதியைக் கிழித்துவிட்டேன். பெண்டாட்டி அழகுத்தாய் இருந்தால் விட்டிருக்க மாட்டாள். அவள் போய் இன்றோடு ஒரு மாதம். வாயாட ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் வரும்.

நம் கடை பந்தல்குடியிலிருந்து உள்ளே போகிற மண்ரோட்டின் ஓரம். முன்னால் கடை, பின்னால் வீடு. ஒரு நாளைக்கு நாலு நடை பஸ்ஸு, நடுவே லாரிகள். ஒன்று போனால் கால் மணி நேரம் எதிர்ச்சுவர் தெரியாது. அவளுக்கோ இழுப்பு. பஸ் சத்தம் தூரத்தில் கேட்டதுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவாள். "என்ன, பஸ்ஸுல ஒங்க மாமியா வாராகளா?" என்று கேட்பேன். கதவுக்குப் பின்னாலிருந்து இருமலோடு திட்டு வரும்.

வைகாசியில் ஒரு மத்தியானம் அந்தத் திட்டு வரவில்லை. கதவைத் திறந்தால் உதடு நீலம் பூத்துக் கிடந்தாள். தூசி பட்டால் ஆளே இருக்காது என்றார் அருப்புக்கோட்டை டாக்டர். அவள் அண்ணன் உக்கிரபாண்டி வண்டி கட்டி வந்து குமாரலிங்கபுரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அவர் வீடு ரோட்டைவிட்டு ஒரு மைல் உள்ளே, பருத்திக் காட்டுக்குள். வண்டி கிளம்பும்போது நான் ஏதோ கேலி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 12

சோறு குழைந்துவிட்டது. நானே என்னைத் திட்டிப் பார்த்தேன். அவள் திட்டுகிற மாதிரி வரவில்லை.

ஜூலை 21

ஐம்பத்தாறில் இந்த ரோட்டில் முதல் பஸ் வந்த நாள் ஞாபகம் வந்தது. ஊரே வேப்பமரத்தடியில் நின்றது. ஆரத்தி எடுத்தது யார்? அழகுத்தாய்தான். மஞ்சள் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். டிரைவருக்குத் திருநீறு பூசிவிட்டு, பஸ்ஸின் மூக்குக்கும் குங்குமம் வைத்தாள். "எனக்குக்கூட இவ்வளவு மரியாதை கெடச்சதில்லையே" என்றேன். "நீங்க அருப்புக்கோட்டைக்கு முக்கா மணியில போவீகளா?" என்றாள். ஊரே சிரித்தது.

அந்த பஸ்தான்.

ஆகஸ்ட் 3

பேப்பர் லோடு ஏற்றித் தூத்துக்குடிக்குப் போகிற சண்முகவேல் டீ குடிக்க நிறுத்தினார். வாரம் ஒருதரம் வருகிற டிரைவர். டீ கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டே குடித்தவர், எங்க மில்லு ரோடும் மண்ரோடுதான், ஆனால் ஒரு பொட்டுத் தூசி பறக்காது என்றார். ஏதோ கருந்தண்ணியைத் தெளிக்கிறார்களாம். என்ன தண்ணி என்றேன். லிக்னின் என்றார். அது யார் வீட்டுப் பிள்ளை என்றேன்.

பொறுமையாகச் சொன்னார். மரத்துக்குள்ளே நார் இருக்கிறது, அந்த நாரை ஒன்றோடொன்று ஒட்டி மரத்தை நிமிர்ந்து நிற்க வைக்கிற பசையும் இருக்கிறது. அந்தப் பசைதான் லிக்னின். காகிதத்துக்கு நார் மட்டும் போதும், பசை இருந்தால் பழுப்பேறிப் போகும். அதனால் மருந்து போட்டு அவித்துப் பிரித்துவிடுகிறார்கள். பிரிந்து வருகிற சாறுதான் மில்லுக்குக் கழிவு. ஆனால் செங்கல் சூளைக்காரனும் இரும்பு வார்க்கிறவனும் மண் உதிராமல் இருக்க அதை வாங்கிப் போகிறார்களாம்.

"மண்ணைப் புடிச்சு வைக்குமா?" என்று கேட்டேன்.

"மரத்தையே புடிச்சு வச்சது அண்ணாச்சி. மண்ணு என்ன?"

ஒரு டிரம் வேண்டும் என்றேன். எதுக்கு என்று கேட்டார். சொன்னேன். கொண்டு வருகிறேன் என்றார். டீயை மட்டும் முழுசாகக் குடித்தார்.

ஆகஸ்ட் 17

டிரம் வந்தது. வெல்லப்பாகு நிறம், ஈர மரப்பட்டை வாசம். நாக்கில் தொட்டுப் பார்த்தேன். முதலில் இனிப்பு, பிறகு ஒரே கசப்பு. தண்ணி கலந்து, பூவாளியால் கடைக்கு முன்னால் முப்பதடிக்குத் தெளித்தேன். சாயங்கால பஸ் போனது. வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் புகை மாதிரி தூசி. என் முப்பதடியில் ஒன்றுமில்லை. எதிர்ச்சுவர் தெரிந்தது. அதில் எழுதியிருப்பதை இன்றுதான் வாசித்தேன்.

ஆகஸ்ட் 18

கோட்டைச்சாமியின் ஆடுகள் நாற்பதும் ரோட்டை நக்கிக்கொண்டு நிற்கின்றன. பஸ்ஸு ஹாரன் அடித்தும் நகரவில்லை. "ஏலே, ரோட்டுல என்னத்தலே ஊத்துன?" என்கிறான். அல்வா கிண்டினேன் என்றேன். ரோட்டோரம் முள் வெட்டிப் போட்டு ஆடுகளை மறித்தாயிற்று.

செப்டம்பர் 1

குமாரலிங்கபுரம் போனேன். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்து பருத்தியில் செத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தை எல்லாம் சொன்னேன். "மில்லுக்காரன் வேண்டாமுன்னு தள்ளுனதுதான், மரத்தையே நிக்க வச்சதாம். அது மாதிரித்தான் நம்ம வீட்டுக்கு நீ" என்றேன்.

"இருபத்தோரு வருசம் கழிச்சு என்னையக் கழிவுங்கிறீகளா?"

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு அது போதும்.

உக்கிரபாண்டி மச்சான் சிரிக்கவில்லை. தீவாளிக்கு வரட்டும், ஆனால் ஒருதரம் இழுத்தாலும் திரும்பக் கூட்டி வந்துவிடுவேன் என்றார். "அதுக்கப்புறம் வாரதா இருந்தா நீங்கதான் இங்க வரணும் மாப்பிள்ளை. கடையை மூடிட்டு." சரி என்று சொல்லிவிட்டேன். கடையை மூடி நான் என்ன செய்வேன்? ஆனால் அவள் மூச்சு.

அக்டோபர் 19

மழை. ஊரே சந்தோஷப்படுகிறது. நான் ஒருத்தன்தான் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறேன். கருந்தண்ணி முழுசும் கரைந்து ஓடையில் போகிறது. நாளைக்கு அவள் வருகிறாள்.

அக்டோபர் 20

வந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே கருஞ்சேற்றில் கால் வைத்தாள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் கறுப்புக் கால்தடம். ஈரத்துக்கு ஏது தூசி, நன்றாக மூச்சு விட்டாள். கழுவிவிடச் சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

டிசம்பர் 28

ரோடு காய்ந்துவிட்டது. மில்லில் வேலைநிறுத்தமாம், சண்முகவேல் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றைக்கு அவளுக்கு இழுத்தது. லேசாகத்தான். பெட்டியில் சேலையை மடித்து வைக்கிறாள். "அண்ணனுக்கு ஆள் விட்டுருங்க" என்கிறாள். ஒரு வாரம் பொறு என்றேன். கேலி பண்ணத் தோன்றவில்லை. "ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று அவளே கேட்டாள்.

ரெண்டு நாளாக வாளியில் வெறும் தண்ணியைத் தெளிக்கிறேன். கிணறு இறங்கிவிட்டது.

1969 ஜனவரி 4

டைரி முடிந்துவிட்டது. பின்னட்டையில் எழுதுகிறேன்.

காலையில் லாரி. மூன்று டிரம். இறக்கும்போதே பூவாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நீ உள்ளே இரு என்றேன், கேட்கவில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு முப்பதடிக்கும் அவளேதான் தெளித்தாள். மூலை விடாமல், கோலத்துக்குச் சாணி தெளிக்கிற மாதிரி.

பிப்ரவரி 2

பத்தரை மணி பஸ்ஸு போனது. அழகுத்தாய் கடை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை.